வணிகத் தரவு மேலாண்மை: திருத்தமும் வரலாறும்

1970ஆம் ஆண்டு ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட், தரவுகளைத் தம்முள் தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் முறையை முன்மொழிந்தார். இம்முறையில் வாடிக்கையாளரின் முகவரி ஒவ்வொரு விற்பனைப் பதிவிலும் மீண்டும் எழுதப்படுவதில்லை. ஓரிடத்தில் மட்டுமே இடம்பெறும். எனவே பதிவுகள் பெருகினும் அவை தம்முள் முரண்படுவது குறைகிறது.

ஆயினும், வணிகப் போக்கை அறிய இவ்வொழுங்கு மட்டும் போதாது. வாடிக்கையாளர் வேறு நகருக்குக் குடிபெயரும்போது பழைய முகவரியை அழித்துப் புதியதை எழுதினால், அவருடைய சென்ற ஆண்டுக் கொள்முதலும் புதிய நகரின் கணக்கில் சேர்ந்துவிடும். நகர்வாரி ஒப்பீடு பிழைபடும். இதனைத் தவிர்க்கவே, 1990களில் பரவிய தரவுக் கிடங்கு முறையில், பழைய முகவரியை அது வழங்கிய காலக்குறிப்புடன் காக்கும் உத்தி வகுக்கப்பட்டது.

ஆகவே, அன்றாடப் பணிக்கான தரவுத்தளத்தை ஆய்வுக்குச் சான்றாகக் கொள்வோர், அதில் மாற்றங்களின் வரலாறு காக்கப்பட்டுள்ளதா என முதற்கண் உறுதிசெய்தல் வேண்டும்.