எஸ்.ஜி.பி.டி. இறங்கவே மாட்டேன் என்கிறதா? காரணங்கள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன தெரியுமா?

ரத்தச் சோதனை ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற என்சைம் கூடியிருந்தால் கல்லீரலுக்கு என்ன ஆச்சோ என்று பதறுகிறோம். ஆனால் அந்தச் சோதனை முதலில் பெயர் வாங்கியது மாரடைப்பைக் கண்டுபிடிக்க என்பது தெரியுமா? 1954இல் அமெரிக்காவில் லாடியூ, வ்ரூப்லெவ்ஸ்கி, கார்மென் என்ற மூவர், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இந்த என்சைம் எகிறுவதைக் காட்டினார்கள். இதயம், தசை, சிறுநீரகம், சிவப்பணு என எல்லாவற்றிலும் அது இருக்கிறது! ஈரலோடு அதிகம் ஒட்டியது, அதன் ஜோடி என்சைமான எஸ்.ஜி.பி.டி.தான்.

அதுவும் ஈரலுக்கு மட்டும் சொந்தமில்லை. பழக்கமில்லாமல் ஜிம்மில் கனமாக வெயிட் தூக்கினால் இரண்டுமே ஏறும், ஒரு வாரமானாலும் இறங்காமல் நிற்கும்! டுஷேன் தசைச்சிதைவு நோய் உள்ள சிறுவர்கள் சிலருக்கு, இந்த எண்கள் ஏறியிருந்ததால் ஈரல்தான் கோளாறு என்று நினைத்து ஊசி குத்தி ஈரல் சதையை எடுத்துப் பார்த்த கொடுமையும் நடந்திருக்கிறது. சி.பி.கே. என்ற சாதாரண ரத்தச் சோதனையே தசைப் பக்கம் கைகாட்டியிருக்கும்.

சரி, ஆறு மாதமாகியும் எண் இறங்கவில்லையா? முதல் சந்தேகம், ஈரலில் கொழுப்பு சேரும் ஃபேட்டி லிவர். குடிக்காதவருக்கும் வரும், ஒல்லியானவருக்கும் வரும்! கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளிய நம் ஊர் உடல்வாகு, கூடவே சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் கூடியிருந்தால் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். உடல் பருத்தவர் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ஈரலின் அழற்சி தணியும். 80 கிலோ ஆளுக்கு 6, 8 கிலோதான். எந்த லிவர் டானிக்கும் இதற்கு ஈடாகாது என்பேன். காபி குடிப்பவர்களுக்கு இந்த என்சைம்கள் குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன, தெரியுமா? சர்க்கரையை அள்ளிப் போட்ட காபியைச் சொல்லவில்லை!

குடியால் வந்த பாதிப்பில் பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைவிட இருமடங்காக நிற்கும். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். 1989இல் அடையாளம் காணப்பட்ட சி வைரஸை இன்று சுமார் 12 வார மாத்திரையில், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஒழித்துவிட முடிகிறது!

காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து ஆகியவையும் என்சைமை ஏற்றலாம். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். எனக்குப் பெரிய கவலை, “மூலிகைதானே” என்று நாம் டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். சூரணம், ஜிம் பவுடர், க்ரீன் டீ மாத்திரை எதுவானாலும் டப்பாவோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

சப்பாத்திகூடக் காரணமாகலாம்! கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளில், அதை நிறுத்தினாலே பெரும்பாலோருக்கு எண் இறங்கிவிடுகிறது.

ஈரல் சுருங்கிப்போன சிரோசிஸ் நோயாளிக்கு என்சைம் நார்மலாகவே இருக்கலாம், தெரியுமா? அதனால்தான் வயது, இரண்டு என்சைம்கள், பிளேட்லெட் நான்கையும் சேர்த்து ‘ஃபிப்-4’ என்று கணக்குப் போட்டு ஈரலில் விழுந்த தழும்பை மதிப்பிடுகிறார்கள்.

இளவயதில் காரணமே தெரியாமல் ஏறினால் வில்சன் நோயைத் தேட வேண்டும். உடலில் செம்பு தேங்கி, கருவிழியின் ஓரத்தில் பழுப்புப் பொன்னிற வளையமாகவே தெரியக்கூடும்! தொடர்ந்து மாத்திரை எடுத்தால் கட்டுக்குள் வைக்கலாம். ஒரு பிள்ளைக்கு இருந்தால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நன்றாக ஓடியாடும் தம்பி தங்கையையும் அழைத்துப்போய்ச் சோதித்துவிடுங்கள்.