சீனாவில் ஒரு கோடைகாலம்: மொழி படிக்கப் போகும் மாணவருக்கான சட்டமும் பாதுகாப்பும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீனப் பல்கலைக்கழகங்கள் பல, வெளிநாட்டு மாணவருக்கெனக் கோடைகால மொழி வகுப்புகளை நடத்துகின்றன. பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்குச் சீனம் கற்பிக்கவே 1962-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1993-இல் பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தில் தன் கோடை வகுப்பைத் தொடங்கியது. எட்டு வாரமும் சீனத்தைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று அதன் மாணவர்கள் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். பகலெல்லாம் வகுப்பு, இரவெல்லாம் எழுத்துப் பயிற்சி என்று போகும் இத்தகைய படிப்பில் ஓராண்டுப் பாடம் ஒரே கோடையில் முடிந்துவிடும். அதற்காக மாணவர் படும் பாடு வீணாகக் கூடாது. ஆனால் பலருக்கும் சிக்கல் வருவது பாடத்தில் அல்ல, காகிதத்தில். படிப்பு சில வாரம்தானே என்று சீனச் சட்டம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

முதல் காகிதம் விசா. 180 நாளுக்கு மேற்படாத படிப்புக்கு எக்ஸ்-2, அதற்கு மேற்பட்டதற்கு எக்ஸ்-1. எக்ஸ்-1 விசாவில் போனவர் 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எக்ஸ்-2 விசாவில் போனவருக்கு அந்த வேலை இல்லை. எக்ஸ்-2 பெறப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் தேவை. "சுற்றுலா விசாவில் போய் வகுப்பில் உட்கார்ந்துகொள்ளலாம்" என்று சொல்லும் முகவரை நம்பக் கூடாது. விசா எதற்காகத் தரப்பட்டதோ அதற்கு மாறான காரியத்தில் ஈடுபடுபவரை நாட்டை விட்டு வெளியேறச் சொல்ல 2013 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த நுழைவு, வெளியேற்ற நிர்வாகச் சட்டம் இடம் தருகிறது.

கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசாத் தாளில் குழப்பம் தரும் இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, எந்தத் தேதிக்குள் சீனாவுக்குள் நுழைய வேண்டும் என்பது. மற்றது, நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது. முதல் தேதியையே தங்கும் கெடு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. தங்கும் நாள்கள் நுழைந்த மறுநாளிலிருந்து எண்ணப்படும். கெடு தாண்டினால் எச்சரிக்கை. மீறல் கடுமையானதானால் நாளொன்றுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதம், அல்லது 5 முதல் 15 நாள் காவல். நீட்டிப்பு வேண்டுமானால் கெடு முடிய 7 நாள் இருக்கும்போதே காவல் துறையின் குடிவரவு அலுவலகத்தில் மனு தர வேண்டும். அங்கே மறுக்கப்பட்டால் அதுவே இறுதி முடிவு, மேல்முறையீடு கிடையாது. ஒரே நுழைவுக்கான விசா வைத்திருப்பவர் வார இறுதியில் ஹாங்காங்குக்குப் போனால் சீனாவை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. அதே விசாவில் திரும்ப முடியாது.

அடுத்தது பணம். வெளிநாட்டு மாணவர் சேர்க்கை பற்றிச் சீன அரசின் மூன்று அமைச்சகங்கள் கூட்டாக வெளியிட்ட விதிகள் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. உயர்கல்வி நிறுவனம் தன் கட்டண இனங்களையும், இடையில் விலகினாலோ வேறிடம் மாறினாலோ பணம் திரும்பத் தரும் விதியையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆகவே பணம் கட்டுமுன் அந்த விதியை எழுத்தில் கேட்பது மாணவரின் உரிமை, யாரும் காட்டும் தயவு அல்ல. தனியார் மொழிப் பள்ளிகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் எல்லாம். அதனால் அதை வரி விடாமல் படித்தாக வேண்டும். முகவர் மூலம் போகிறவர் பாடக் கட்டணத்தையும் முகவரின் சேவைக் கட்டணத்தையும் தனித்தனி ரசீதாகப் பெறுவதும், பாடக் கட்டணத்தை நேரே பல்கலைக்கழகக் கணக்குக்கு அனுப்புவதும் நல்லது. சீனக் கல்வி நிறுவனங்களின் இணைய முகவரி 'இடியூ டாட் சிஎன்' என்று முடியும். சேர்க்கைக் கடிதம் வேறு முகவரியிலிருந்து வந்தால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு நேரடியாக எழுதி உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த ஒரு மின்னஞ்சல் பெரிய இழப்பைத் தடுக்கும்.

போய் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை தங்குமிடப் பதிவு. ஹோட்டலில் தங்கினால் ஹோட்டலே பதிந்துவிடும். வாடகை அறையிலோ ஒரு குடும்பத்தோடோ தங்குபவர், குடியேறிய 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். கடவுச்சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றைக் கொடுத்தால், பெயரும் முகவரியும் அச்சிட்ட ஒரு தாள் கைக்கு வரும். பார்க்க அற்பமான அந்தத் தாளைத்தான் பிறகு விசா நீட்டிப்பின்போது முதலில் கேட்பார்கள். பதியத் தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் விதிக்கலாம். அறை மாறினால் மறுபடி பதிய வேண்டும். 16 வயது நிரம்பிய வெளிநாட்டவர் கடவுச்சீட்டை உடன் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். "பத்திரமாக நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்று ஏற்பாட்டாளர் கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

கைச்செலவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை எளிதில் கிடைக்கும், ஆபத்தும் அதில்தான். அனுமதியின்றி வேலை பார்த்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையானால் காவலும் உண்டு. ராணுவ இடங்களைப் படம் பிடிப்பதும் போதைப்பொருளைத் தொடுவதும் அபராதத்தோடு முடிகிற விஷயங்கள் அல்ல. உளவுத் தடுப்புச் சட்டம் 2023 ஜூலை 1 முதல் விரிவாக்கப்பட்டிருக்கிறது.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் ஆகியவை சீனாவில் முடக்கப்பட்டவை. வீட்டாரோடு பேச அங்கே இயங்கும் ஒரு வழியை முன்கூட்டியே பார்த்துவைத்து, பணம் கட்ட அலிபே செயலியை இறக்கி, வங்கி அட்டையை இணைத்துச் சரிபார்த்துக்கொண்டு போவது நல்லது. 2017 விதிகள் வெளிநாட்டு மாணவர் எல்லோருக்கும் காப்பீடு வேண்டும் என்கின்றன. 18 வயது நிரம்பாதவருக்குச் சீனாவில் ஒரு காப்பாளர் வேண்டும். உணவு ஒவ்வாமையோ தொடர் மருந்தோ இருந்தால் அதைச் சீன எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருக்க வேண்டும். உடம்பு முடியாதபோது சீனம் மட்டும் பேசும் உறுதிமொழியை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. தெரிந்த மொழியில் உதவி கேட்கலாம்.

ஏதேனும் நேர்ந்துவிட்டால் முதலில் போக வேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். குடிவரவுச் சந்தேகங்களுக்கு 12367 என்ற எண்ணில் ஆங்கிலத்திலும் பேசலாம். போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 120, நுகர்வோர் புகாருக்கு 12315. அபராதம் தவறு என்று பட்டால் 60 நாளுக்குள் மேலதிகார அமைப்பிடம் மறுபரிசீலனை கேட்கலாம். காவலில் வைக்கப்பட்டால் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவில் உள்ளது; இந்தியாவும் சீனாவும் அதில் சேர்ந்தவை. கேட்டால்தான் அந்த உரிமை செயல்படும் என்பதால் முதல் மணி நேரத்திலேயே கேட்டுவிட வேண்டும். பெய்ஜிங்கில் இந்தியத் தூதரகமும், ஷாங்காய், குவாங்சோ நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் குறையைப் பதியலாம்.

ஏமாற்றியவர் இந்தியாவில் உள்ள முகவரானால் வழக்கும் இங்கேதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி, கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தரலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கான கெடு, குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. விளம்பரத் தாள், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, சேர்க்கைக் கடிதம் எல்லாம் அப்போது சாட்சியாகும்.