மண்ணால் எழுதிய சுவர்

எம் ஊராகிய கரையாம்புத்தூரில் வாயிற்கோலம் விடியலிற் பிறந்து நண்பகற்குள் காலடியில் மறையும். அதற்கு எவரும் இரங்குவதில்லை. அழியும் ஓவியத்தையே விரும்பி எழுதும் ஜப்பானியர் ஒருவர் உளர்; யூசுகே அசாய் என்பது அவர் பெயர்.

பீகாரில் புத்தகயைக்கு அருகே சுஜாதா என்னுஞ் சிற்றூர் உண்டு. ஆங்குள்ள நிரஞ்சனா பள்ளியில் 2010-ஆம் ஆண்டு ஜப்பானியக் கலைஞரும் இந்தியக் கலைஞரும் ஊராருங் கூடிய சுவரோவிய விழாவொன்று தொடங்கிற்று. அவ்விழாவிற் பங்குகொண்ட அசாய் கடைச்சாயத்தை நாடினாரல்லர். அவ்வூர் மண், சாம்பல், சாணம், வைக்கோல் இவற்றையே கொண்டு வகுப்பறைச் சுவர் நிறைய எழுதினார். கழுவினால் அவ்வோவியம் மீண்டும் மண்ணே.

மண்ணுஞ் சாணமும் எம் அன்னையர் நாள்தோறும் கையாளுவன. கல்லூரி புகுந்தபின் யாம் சொல்ல நாணியவை. அவற்றைக் கடல்கடந்து வந்த ஒருவர் வண்ணமென மதித்தார்! 2014-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் கலைக்கூடத்திலும் டெக்சாஸ் மண்ணின் 27 நிறங்களால் அவர் எழுதினார்.

இதனை அறிந்தபின், விடுமுறையில் வரப்பு, குளக்கரை, கிணற்றடி எங்கும் ஒவ்வொரு பிடி மண் எடுத்துத் திண்ணையிற் பரப்பினோம். ஒருநிறமென்றே எண்ணியிருந்த எம்மூர் மண்ணில் ஐந்து நிறங்கள் தேறின. ஆறாவது உண்டென்கிறார் பாட்டியார்.