தாய்ப்பால் தொடர் – 11: பட்டத்து இளவரசனின் நாக்கு

குழந்தையை மார்பில் பிடிக்கும் முறை சென்ற வாரத்தோடு முடிந்தது. அதையெல்லாம் திருத்திய பிறகும் காம்பு புண்ணாகிறது, குழந்தையின் எடை ஏறவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது நாக்கு.

1601 செப்டம்பர் 27. பிரான்சின் ஃபோன்டேன்ப்ளோ அரண்மனையில் நான்காம் ஹென்றிக்கு ஆண் வாரிசு பிறந்தது. பின்னாளில் பதின்மூன்றாம் லூயி. பால் குடிக்கச் சிசு திணறுவதை அதன் மருத்துவர் ழான் எரோவார் கவனித்தார். வாயைப் பார்த்தபோது நாக்கை அடியில் பிடித்திழுக்கும் சவ்வு (நாக்கு ஒட்டு) தெரிந்தது. பிறந்த இரண்டு நாளில் அறுவை மருத்துவர் ழாக் கீய்மோ அதை வெட்டிவிட்டார்.

நமக்கு இவ்வளவும் தெரிவதற்குக் காரணம் எரோவாரின் நாட்குறிப்பு. அவர் சாதாரண ஆள் இல்லை. குதிரையின் எலும்புகளைப் பற்றி 1599-இல் தனி நூலே வெளியிட்டவர். அதே கூர்ந்த கண்ணோடு லூயி என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான், எப்படிப் பேசினான் என்று 1628-இல் தான் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு மனிதனின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து இத்தனை நெருக்கமாகத் தொடர்ந்த பதிவுகள் மிக அரிது. அவன் வளர்ந்தபின் திக்கிப் பேசினான் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. அதற்கும் நாக்கு ஒட்டுக்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை.

எரோவார் வாயைத் திறந்து பார்த்தது இரண்டாவதாகத்தான். முதலில் அவர் பார்த்தது குழந்தை பால் குடிப்பதை. இன்றைக்குப் பல வீடுகளில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. யாரோ நாக்கைத் தூக்கிப் பார்த்து, “ஒட்டிக்கிட்டிருக்கு, பேச்சு வராது” என்று சொல்லிவிட, தாய் கலங்கிப்போகிறாள். நாக்கின் அடியில் சவ்வு எல்லோருக்கும் உண்டு. நியூசிலாந்தின் நிக்கி மில்ஸ் குழு 2019-இல் வெளியிட்ட உடற்கூறு ஆய்வுகளின்படி அது தனியான நரம்போ கயிறோ இல்லை. வாயின் அடித்தளத்தில் பரவியிருக்கும் மெல்லிய திசுப்படலம் நாக்கைத் தூக்கும்போது எழும் மடிப்பு. சிலருக்கு அது முன்னால் தள்ளி, குட்டையாக, விறைப்பாக அமைந்துவிடுகிறது. அப்படி அமைந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் சிரமமின்றிப் பால் குடிக்கிறார்கள் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2024 அறிக்கை. நாக்கு ஒட்டால் குழந்தை பேசத் தொடங்குவது தாமதமாவதும் இல்லை.

அப்படியானால் எதைக் கவனிப்பது? குழந்தை காம்பைப் பற்றுகிறது, நான்கு உறிஞ்சலில் நழுவுகிறது, மறுபடி தேடுகிறது. இடையிடையே ‘டக் டக்’ என்று சத்தம். பிடிப்பு விடுபட்டுக் காற்று நுழைவதன் அடையாளம் அது. நெடுநேரம் குடித்தும் பசி தீராமல் அழுகிறது, அல்லது களைத்துத் தூங்கிவிடுகிறது. வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள்: புது லிப்ஸ்டிக்கின் முனைபோலச் சரிவாக நசுங்கி, வெளுத்திருக்கும். இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம், அதனால்தான் பால் கொடுக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் மருத்துவரோ செவிலியரோ தேவை.

வாயைப் பார்ப்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2015-இல் ஒரு எளிய அளவுகோல் வந்தது. நுனியின் வடிவம், கீழ் ஈறில் சவ்வு ஒட்டும் இடம், வாய் திறந்து அழும்போது நாக்கு எழும் உயரம், வெளியே நீளும் தூரம் ஆகிய நான்குக்கும் தலா இரண்டு மதிப்பெண், மொத்தம் எட்டு. அழும்போது நுனி இதய வடிவில் பிளந்து தெரிந்தாலும் அது நான்கில் ஒன்றுதான். நாக்கு எழுகிறதா, நீள்கிறதா என்பதற்கே பாதி மதிப்பெண்.

வெட்டலாமா என்ற கேள்விக்கு இந்த வாரமே வருவதாகச் சொல்லியிருந்தோம். எரோவாரை இரண்டு வரியில் முடிக்க மனம் வரவில்லை. 302 குழந்தைகளை உள்ளடக்கிய ஐந்து சோதனைகளை அலசிய 2017 காக்ரேன் ஆய்வு, வெட்டியபின் தாயின் காம்பு வலி குறுகிய காலத்தில் குறைந்ததைக் கண்டது; குழந்தை குடிப்பது மேம்பட்டதா என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.