முந்துபோரும் திண்டுக்கற் கோட்டையும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் நண்பர் நால்வர் கோடைக்கானலில் ஒரு கிழமை தங்கியிருந்தோம். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கருகே நின்று வடக்கு நோக்கின், மலை சரேலென இறங்குமிடத்திற்கு அப்பால் சமவெளி விரித்த பாய்போற் கிடப்பதும், அதனிடையே பழனிக்குன்று ஒரு கூழாங்கல்லளவிற் றோன்றுவதும் காணலாம். ஆனால் எமக்கு வாய்த்த நாட்களிற் பெரும்பகுதி மஞ்சும் மழையுமே. ஆகவே மாலைதோறும் விடுதியறையில் அடைபட்டு, நண்பரொருவர் கொணர்ந்திருந்த மடிக்கணினியில் 'சிவிலைசேஷன்' என்னும் ஆட்டத்தை ஆடிப் பொழுது போக்கினோம். இக்கட்டுரை அவ்வாட்டத்திற் பிறந்த ஒரு வழக்கைப் பற்றியது. வழக்கு ஆட்டத்திற் றொடங்கியதேனும், அதன் சான்று யாம் நின்று கண்ட அச்சமவெளியிலேயே கிடக்கின்றது.

ஆட்டம் அறியாதார் பொருட்டுச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். சிட் மையர் என்பார் 1991-இல் வெளியிட்ட இது, சதுரங்கம்போல் முறைவைத்து ஆடப்படுவது. கி. மு. 4000-இல் ஒரு சிறு குடியேற்றக் கூட்டத்துடன் தொடங்கி, ஊர் சமைத்து, உழுது, கல்வி வளர்த்து, படை திரட்டி, ஓர் இனத்தை இக்காலம்வரை நடத்திக் கொணர்தல் ஆடுவோன் கடமை. அடுத்தடுத்துப் பல பதிப்புக்கள் வந்துள. 2025-இல் வந்த ஏழாம் பதிப்பிற் சோழரும் இடம்பெற்றுள்ளனர் என்பது நம்மனோர்க்கு உவகை தரும் செய்தி.

இவ்வாட்டத்தில் வல்லார் பலர் கையாளும் ஒரு நெறி உண்டு. அதனை யாம் 'முந்துபோர்' என்போம். தொடக்கத்தில் எல்லா அரசுகளும் ஓரிரண்டு ஊர்களே உடையன. அவற்றிற்கு மதிலில்லை, காவலும் வில்லாள் ஒருவனோ இருவரோதான். அந்நிலையிற் கல்விச்சாலையும் களஞ்சியமும் கட்டுதலை ஒத்திவைத்து, கிடைக்கும் ஆக்கத்தையெல்லாம் படையாக்கி அண்டையயலானைத் தாக்கின், அவன் வருந்திச் சமைத்த ஊர் எளிதிற் கைப்படும். அதனினும் பெரிது, கைப்பட்ட ஊர் அடுத்துவரும் முறைதோறும் நமக்கே விளைவு தரும். வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போல, முன்னர்ப் பெற்ற ஊர் பின்னர்ப் பெற்றதினும் பன்மடங்கு பயன்படும். இதுவே முந்துவதன் நுட்பம்.

இனி இடர்ப்பாடும் உண்டு. வென்றாலன்றிப் படை தன் செலவை மீட்டுத் தராது. ஒவ்வொரு முறையும் அது சோறு கேட்கும். பகைவன் மதிலெடுத்து விட்டானாயின், நாம் செய்த வேற்படை வெளியே நின்று வாடவேண்டியதே. 2005-இல் வந்த நான்காம் பதிப்பில் ஊர்கள் பெருகப் பெருகவும் தலைநகரினின்று விலக விலகவும் அவற்றைப் பேணும் செலவு ஏறும். 2010-இன் ஐந்தாம் பதிப்பிற் புதிய ஊர் ஒவ்வொன்றும் குடிகளின் மனநிறைவைக் குறைக்கும். ஆட்டம் சமைத்தோரே முந்துபோரின் வலியை உணர்ந்து அதற்குக் கடிவாளம் இட்டிருக்கின்றனர் எனல் வேண்டும்.

எம் நண்பருள் ஒருவர், "முதல் நாற்பது முறையும் படையே செய்க, மற்றவை தாமே வரும்" என்றார். விருப்பாட்சியிற் பிறந்த மற்றொருவரோ, "கொள்ளையால் எவனும் நாடாண்டதில்லை" என்று மறுத்தார். இருவரையும் நோக்கி யாம், "விருப்பாட்சியாரே, உம்மூரைக் கொள்ளையிட்டுத்தான் ஒருவன் மைசூரையே ஆண்டான்" என்றோம். அவன் ஐதர் அலி.

பழனிமலைத் தொடர் மேற்கினின்று கிழக்கே நீண்டு வந்து தாழ்கின்றது. அதற்கும் சிறுமலைக்கும் இடையேயுள்ள வாயிலில் திண்டுக்கற் பாறை நிற்கின்றது. கொங்குநாட்டினின்று மதுரைக்கு வரும் படை, மலையின் வடபுறமாகப் பழனி வழியே வரினும், கரூர் வழியே இறங்கினும், அவ்வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் அப்பாறைமேற் கோட்டை எடுப்பித்தமைக்குக் காரணம் இதுவே. 1736-இற் சந்தா சாகிபு மதுரையைக் கவர்ந்து நாயக்கராட்சியை முடித்தபின் அந்நாடு தலைவனற்றதாயிற்று. 1745-ஆம் ஆண்டளவில் திண்டுக்கல் மைசூரார் வசமாயிற்று. எனினும் கோட்டை வசப்பட்டதேயன்றி நாடு வசப்படவில்லை. மலையடிவாரத்திலே பழனி, ஆயக்குடி, விருப்பாட்சி, கன்னிவாடி முதலாய பாளையங்கள் வரிசையாக இருந்தன; அவற்றின் தலைவர் தத்தம் காட்டிலும் கணவாயிலும் அரசராகவே வாழ்ந்தனர். ஆட்டத்தின் மொழியிற் கூறின், இவை மதிலில்லாச் சிற்றூர்கள். ஆனால் ஒவ்வொன்றின் பின்னும் ஏறி ஒளிய ஒரு மலை இருந்தது. ஆட்டத்தின் வரைபடத்தில் அத்துணை வலிய மதில் கிடையாது.

(இம்மலை குறுநில மன்னர்க்குப் புதிதன்று. ஆவியர் குடிப் பேகன் இதனை ஆண்டவன். மயிலுக்குப் போர்வை யீந்த கதையை நாம் பள்ளியிலேயே படித்தோம். அவனையொத்த வேளிர் பலர் மூவேந்தராற் படிப்படியே விழுங்கப்பட்டதும் ஒருவகை முந்துபோரே. அதனை வேறொரு கட்டுரைக்கு வைப்போம்.)

1755-இல் மைசூர் அமைச்சர் நஞ்சராசர் ஐதரைத் திண்டுக்கற் பவுசுதாராக அமர்த்தினார். அந்நாளில் ஐதர்க்கு முப்பதைக் கடந்த வயது, எழுத்தறியார், நினைவாற்றலோ வியக்கத்தக்கது. 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையிற் பெயரெடுத்து, திருச்சிராப்பள்ளிப் போரிற் சிறிது சிறிதாகத் தமக்கென ஒரு படை சேர்த்திருந்தார். எழுத்து வேலைக்குக் கண்டே ராவ் என்னும் அந்தணர் உடனிருந்தார். கணக்கெழுதவும், தலைநகரிற் றம் பொருட்டுப் பேசவும் ஐதர்க்குக் கிடைத்த கை அவர்.

இனி மாட்டுக் கதை. கர்னல் வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்றில் இதனை எழுதியிருக்கின்றார். படை வருகின்றதெனக் கேட்டால் பாளையத்தார் முதற்கண் தம் ஆநிரையைக் காட்டிற்கு ஓட்டிவிடுவர். அவர்தம் செல்வம் பொன்னிலில்லை, கொம்பிலேயே இருந்தது. இதனை அறிந்த ஐதர் பழனி, விருப்பாட்சிப் பாளையக்காரரிடம் போர்க்குறியே காட்டாது, நட்புப் பேசி நடந்தார். அச்சம் நீங்கிய பாளையத்தார் மந்தைகளைப் பழைய மேய்ச்சலுக்கு இறக்கினர். உடனே ஐதர் படை பாய்ந்து அனைத்தையும் வாரித் திண்டுக்கல்லுக்கு ஓட்டிச் சென்றது. அங்கே அவை விலையாயின, விலை படைச்செலவாயிற்று. நம் பண்டை இலக்கணத்தில் வெட்சித்திணை பயின்றோர்க்கு, ஆநிரை கவர்தலே போரின் தொடக்கமாவது புதுமையன்று. ஆயின் வெட்சியார் கவர்ந்ததைப் பகுத்துண்டு களித்தனர். ஐதர் அதனைக் காசாக்கினார். இவ்வேறுபாட்டிலேயே எம் வழக்கின் முடிவு தொங்குகின்றது.

கொள்ளையிற் பாதி படைஞர்க்கு, பாதி ஐதர்க்கு. அதனோடு அமையாது தலைநகரினின்றும் பணம் வந்தது. எவ்வாறெனின், ஒரு வெற்றிக்குப்பின் காயம்பட்டார்க்கு உதவித்தொகை அளிக்க அரண்மனை ஆளொருவர் வந்தாராம். உண்மையிற் காயம்பட்டார் 67 பேர். மஞ்சள் தோய்த்த கட்டுக் கட்டி அவர்முன் கிடத்தப்பட்டார் 700 பேர் என்கின்றார் வில்க்ஸ். படைத்தொகை எண்ணுங்கால் எண்ணிய வீரரையே சுற்றி வரச்செய்து மீண்டும் எண்ணவைத்த சூழ்ச்சியையும் அவர் குறிக்கின்றார். வில்க்ஸ் ஐதரின் பகைவர் பக்கத்தவர் என்பதை நாம் மறத்தல் கூடாது. ஆயினும் இக்கதைகளை அவர் வசையாக மட்டும் எழுதவில்லை, ஒருவகை நகைச்சுவையோடே எழுதியிருக்கின்றார். ஆட்டத்தில் இவ்விரகுக்கு இடமில்லை என விருப்பாட்சி நண்பர் வருந்தினார்.

இப்பணமெல்லாம் யாண்டுச் சென்றது? ஐதர் அதனைப் புதைத்து வைக்கவில்லை. பிரெஞ்சுத் தொழில்வல்லுநரை வருவித்துத் திண்டுக்கல்லிற் படைக்கலச் சாலை ஒன்று நிறுவினார். பீரங்கியும் மருந்தும் அங்கே உருவாயின. அவற்றைக் கையாளும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பாளையக்காரன் வேலும் வல்லயமும் கவண்கல்லும் கொண்டு நிற்க, எதிரே ஒழுங்குபடுத்திய காலாட்படை நின்றது. முதல் நாற்பது முறையும் படையே செய்க என்றவர் ஈண்டுத் தோற்றார். கொள்ளையால் எவனும் நாடாண்டதில்லை என்றவரும் தோற்றார். கொள்ளை உலையாயிற்று, உலை மேலும் பெரிய படையாயிற்று. இடையிலுள்ள அவ்வுலையை நீக்கின் ஐதரும் இன்னொரு பாளையக்காரராகவே முடிந்திருப்பார் என்பது எம் துணிபு.

இதன் பயன் விரைவில் தெரிந்தது. 1757-இற் பாலக்காட்டு அரசர் சாமூதிரிக்கு எதிராக உதவி வேண்டவே, ஐதர் தம் மைத்துனர் மக்தூம் அலியை மேற்கே விடுத்தார். சாமூதிரி 12 லட்சம் ரூபாய் தர இசைந்து பின்வாங்கினார். திண்டுக்கல்லில் அமர்ந்த ஒரு பவுசுதார் மலையாளக் கரையரசரை வணக்கும் அளவிற்கு இரண்டே ஆண்டில் வளர்ந்தார்.

அவ்வாண்டிலேயே தம் எல்லையையும் அவர் அறிந்தார். மதுரைச்சீமை குழம்பிக் கிடத்தலைக் கண்டு கிழக்கே இறங்கினார். சோழவந்தானைக் கைப்பற்றி, மதுரை மதிலடிவரை கொள்ளையிட்டார். அப்போது கம்பெனிச் சிப்பாய்த் தலைவராகிய யூசுப் கான், நத்தம் கணவாயின் வாயிலில் அவரை எதிர்த்து முறியடித்தார். பாளையக்காரர்மீது செல்லுபடியான வித்தை, தம்மைப் போலவே பயிற்சி பெற்ற படையின்மீது செல்லவில்லை. ஆட்டத்தில் முந்துபோர் ஒரு குறித்த காலத்திற்கே பலிக்கும் என்பார்களே, அக்காலத்தின் முடிவை நத்தத்திற் காண்கின்றோம். ஐதர் பிடிவாதமாக அங்கேயே மோதிக்கொண்டிராது திண்டுக்கல்லுக்குத் திரும்பியது அவர் அறிவுடைமைக்குச் சான்று.

1758-இற் சம்பளம் கிட்டாத மைசூர்ப் படை தலைநகரிற் கலகம் செய்தது. பணமும் படையும் ஒருங்கே உடையார் திண்டுக்கற் பவுசுதார் ஒருவரே. அவர் வந்து கலகத்தைத் தணித்தார். அதன்பின் அவர் ஏற்றத்தைத் தடுப்பாரில்லை. ஆயினும் 1760-இல் ஒரு பேரிடர் நேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்க்குத் துணையாகத் தம் சிறந்த படையை மக்தூம் அலியுடன் ஆர்க்காட்டுச் சீமைக்கு அனுப்பிவிட்டு ஐதர் ஸ்ரீரங்கப்பட்டினத்திற் சிறு காவலோடிருந்தார். அந்நேரம் பார்த்துக் கண்டே ராவே அவர்க்கு எதிராகத் திரும்பினார். ஐதர் குடும்பத்தையும் விட்டு, இரவிற் காவிரியைக் கடந்து பெங்களூருக்கு ஓடினார். எல்லையிற் படையை நிறுத்தித் தலைநகரை வெறுமையாக்கும் பிழையை நாங்கள் அம்மழை மாலைகளில் எத்தனை முறை செய்தோம் என்பதை ஈண்டுக் கூற நாணுகின்றோம். எங்கட்கு ஆட்டம் முடிந்தது; ஐதர் 1761-இல் மீண்டு வந்து அரசையே கைக்கொண்டார். கண்டே ராவ் இருப்புக் கூட்டில் அடைபட்டார்.

ஆட்டத்தில் ஒரூரைக் கொண்டால் அஃது அன்றே நம்முடையதாகும். சில முறை முணுமுணுத்தபின் அடங்கிவிடும். விருப்பாட்சி அவ்வாறு அடங்கியதா? சிவகங்கையை இழந்த வேலுநாச்சியார்க்கு 1772-க்குப்பின் புகலிடமாயிருந்தது அவ்விருப்பாட்சியே. ஐதரும் அவர்க்குத் துணைசெய்தார். 1780-இல் நாச்சியார் தம் நாட்டை மீட்டார். பழைய பகை உறவாக மாறியது ஆட்டத்தின் கணக்கிற்கு எட்டாத செய்தி. திண்டுக்கல்லோ 1783-இல் ஆங்கிலேயர் கைப்பட்டு, 1784 உடன்படிக்கையால் திப்புவிடம் மீண்டு, 1790-இற் றிரும்பவும் கைப்பட்டு, 1792-இல் முற்றும் அவர்க்கே உரித்தாயிற்று. அதன்பின்னும் விருப்பாட்சி கோபால நாயக்கர் பாளையக்காரரைத் திரட்டி அவரை எதிர்த்து நின்று, 1801-இல் தூக்கிலிடப்பட்டார்.

இதனையெல்லாம் கேட்டிருந்த விருப்பாட்சி நண்பர், "எங்களூர் என்றால் எல்லாரும் மலைவாழைப்பழத்தை மட்டுமே பேசுவர்" என்று சொல்லிச் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்பு புதிய ஆட்டமொன்றைத் தொடங்கி, தம் முதலூர்க்குத் திண்டுக்கல் எனப் பெயரிட்டு, படை செய்யுமுன் உலை செய்தார். மறுநாட் காலையில் மஞ்சு விலகிவிட்டது. மூட்டை கட்டும் அவசரத்தில் அவ்வாட்டம் பாதியிலேயே நின்றது.