பயனர் பெயரும் அணுகல் கட்டுப்பாடும்

நெடுந்தீவுக்கு அனுப்பும் பொதியை நாம் நேரே கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒப்படைத்தால், படகு வரும்வரை அங்கே காத்திருக்கும். இரண்டு கணினி நிரல்களுக்கிடையே இத்தகைய வேலையைச் செய்வதே செய்திப் பரிமாற்ற இடைமென்பொருள் எனப்படும். ஒரு நிரல் செய்தியை வரிசையில் இடும். மற்றையது பின்னர் எடுத்துக்கொள்ளும். ஐபிஎம் எம்கியூ, ராபிட்எம்கியூ என்பன இதற்கு உதாரணங்கள்.

இறங்குதுறையில் எவரும் எந்தப் பொதியையும் தூக்கிச் செல்லலாம் என்றால் எப்படியிருக்கும்? ஆகவே இணையும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பயனர் பெயர் வேண்டும். பெயருக்கும் விதியுண்டு. ஐபிஎம் எம்கியூ செய்தியின் தலைப்பகுதியில் பயனர் பெயருக்கென ஒதுக்கப்பட்ட இடம் 12 எழுத்துகள் மட்டுமே.

மாணவர்கள் வழமையாகக் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். "நீ யார்?" எனச் சரிபார்ப்பது அடையாளம் உறுதிப்படுத்தல். "நீ எதைச் செய்யலாம்?" எனத் தீர்மானிப்பது அணுகல் கட்டுப்பாடு. ராபிட்எம்கியூவில் அமைத்தல், எழுதல், வாசித்தல் என்ற மூன்று அனுமதிகளும் தனித்தனியே வழங்கப்படும். ஊர்காவற்றுறைப் பாடசாலையொன்றிலிருந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு மாணவர் வரவை அனுப்பும் நிரல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதற்கு எழுதும் அனுமதி மட்டும் போதும். அதன் கடவுச்சொல் களவுபோனாலும், திருடியவர் மற்றப் பாடசாலைகளின் விபரங்களை வாசிக்க முடியாது. பொய்யான வரவை அனுப்பலாம் என்பது உண்மையே.

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை 2016 பெப்ரவரியில் உலகம் கண்டது. வங்கிகள் பணக் கட்டளைகளைச் செய்திகளாக அனுப்பும் வலையமைப்பு சுவிஃப்ட். பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், அவ்வங்கி ஊழியரின் பயனர் பெயர், கடவுச்சொல்லைக் கொண்டு நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து பணம் அனுப்புமாறு 35 செய்திகளை விடுத்தனர். மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடி டொலர். முறையான பெயரில் வந்தமையால் அவை உண்மைச் செய்திகளாகவே தோன்றின. ஐந்து நிறைவேறின. 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் சென்றது. 2 கோடி டொலர் நமது இலங்கைக்கே அனுப்பப்பட்டது! பெறுநர் பெயரிலிருந்த எழுத்துப் பிழையால் வங்கியாளர்கள் சந்தேகங்கொள்ள, அப்பணம் மீட்கப்பட்டது. (எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறைத்தால் கோபிப்போர் கவனிக்க.)

இதனால்தான் பெரிய கட்டளைகளை ஒருவர் தயாரிக்க, வேறொருவர் வேறு பயனர் பெயரில் அங்கீகரிக்கும் முறை வேண்டப்படுகிறது. இருவரின் கடவுச்சொல்லும் ஒரே கணினியில் அகப்பட்டால் அதுவும் பயன்தராது. மென்பொருளுடன் வரும் பொதுப் பயனர் பெயரை அப்படியே விடுவதும் தவறு. ராபிட்எம்கியூவுடன் வரும் 'கெஸ்ட்' என்ற பயனர், இயல்பு அமைப்பில், அம்மென்பொருள் இயங்கும் கணினியிலிருந்து மட்டுமே இணையலாம்.

பயிற்சி: மேற்கூறிய பாடசாலை நிரலுக்கு வாசிக்கும் அனுமதியும் கொடுத்தால் ஏற்படக்கூடிய இரு தீங்குகளை எழுதுக.