விலை கொடுத்து உண்ட விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் முதற்பொருள் புதுமை என்பதாம். செய்யுளின் வனப்புகளுள் ஒன்றுக்குத் தொல்காப்பியர் அப்பெயர் வைத்தது, புதிதாகப் புனையப்பட்டது என்னும் கருத்திலேயே. வாயிலில் வந்து நிற்பவன் முன்பின் அறியாத புதியவன். ஆதலால் அவன் விருந்தாயினான். அவனுக்கு இட்ட சோறும் நாளடைவில் அப்பெயரையே பெற்றது. இதனைப் பதுளையில் ஏறத்தாழ 30 ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன். ஆயினும் அச்சொல்லின் பொருள் எனக்கே துலங்கியது சென்ற ஆண்டு மதுரையில், ஒரு சிற்றுண்டிச் சாலையில், இரவு 11 மணிக்கு என்றால் அன்பர்கள் நகைக்கக் கூடும். நடந்ததைச் சொல்லுகின்றேன்.

பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கடையில் அமர்ந்து உண்ணும் பழக்கம் எளிதில் வந்ததன்று. கொழும்பிலிருந்து புறப்படும் மலைநாட்டுப் புகைவண்டி 1924 முதல் வந்து முடியும் இடம் எங்கள் ஊர். அதற்கப்பால் நமுனுகுலை மலைச் சரிவுகளெங்கும் தேயிலையே. ஸ்பிரிங்வேலி, தெமோதரை, பசறை, ஹாலி-எல எனத் தோட்டத்தின் பெயர் மாறுமேயன்றி, லயத்துக் காம்பராவில் அடுப்பில் வேகும் உணவு மாறுவதில்லை. கோதுமை மாவில் தேங்காய்ப்பூ கலந்து தட்டிச் சுட்ட ரொட்டி. வெங்காயமும் செத்தல் மிளகாயும் உப்பும் வைத்து அம்மியில் நைத்த கட்டச் சம்பல். சாயம் மிகுந்த தேநீர். ஆடி ஆவணியில் மலைக்காற்று வறண்டு வீசும்போது ஊவாத் தேயிலைக்குத் தனியொரு மணம் ஏறும் என்பர். அம்மணத்துக்காக உலகம் விலை கொடுக்கின்றது. கொழுந்தெடுத்தவர் வீட்டுக் குவளையில் அது ஏறிய நாள் அரிது.

1973, 1974 ஆம் ஆண்டுகளில் இலங்கையெங்கும் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தது. பங்கீட்டில் அரிசியும் மாவும் குறைய, தோட்டங்களே மிகுதியும் துன்புற்றன. மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் தின்று உயிர் தரித்தவர் உண்டு. தரியாமற் போனவர் பலர். அப்பஞ்சம் கழிந்து ஈராண்டு சென்றிருக்கும். சம்பள நாளுக்கு மறுநாள் தந்தையார் என்னைப் பதுளைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்று ஒரு சைவக் கடையில் நுழைந்தார். கடையின் பெயர் இப்போது எதற்கு? நாற்காலிகள் காலியாகவே இருந்தன. பரிமாறுகின்றவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தார். காலெல்லாம் தோட்டத்துச் செம்மண்.

"காசை முதல்ல மேசையில வை. பொறகு இலை போடுறம்" என்றார்.

தந்தையார் மடியை அவிழ்த்துக் காசை எண்ணி வைத்தார். பிறகே இலை விழுந்தது. நான் இரண்டு தோசை உண்டேன். அவர் தமக்குப் பசியில்லை என்று சொல்லிப் பாலில்லாத தேநீர் மட்டும் அருந்தினார். அன்று முதல் இன்றுவரை எந்தக் கடையில் அமர்ந்தாலும், இலை வருமுன் என் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். பணம் இருக்கின்றதா என்பதற்காகவன்று, பழக்கம்.

சென்ற ஆண்டு மதுரைக்குப் போனது உண்பதற்காகவன்று. 1901 இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்தையும், அதன் செந்தமிழ்க் கல்லூரியையும் ஒருமுறையேனும் காணவேண்டும் என்பது கீழைத்தேயக் கல்லூரியொன்றில் பயின்ற நாள்முதல் என் வேட்கை. ஈழத்துப் புலவர் பலர் அச்சங்கத்தின் பண்டிதத் தேர்வெழுதிப் பெயர் பெற்றவர்கள். கொழும்பிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மதுரை. என் பாட்டனாரின் தந்தை சிறுவனாகத் தம் பெற்றோரின் கைபிடித்து இதே மதுரைச் சீமையிலிருந்து புறப்பட்டபோது, இராமேசுவரம் வரை நடை, கடலில் தோணி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் மீண்டும் நடை, அதன் பின்னர் மலையேற்றம். அவர்கள் புறப்பட்டது தாது வருடப் பஞ்சத்தில், அஃதாவது 1876-77 இல் என்பது எங்கள் வீட்டு வழக்கு. அப்பொழுது ஊவாவில் தேயிலைக் காலம் பிறக்கவில்லை, கோப்பிக் காலம்.

பகலெல்லாம் கல்லூரியில் கழித்து இரவு தெருவில் இறங்கினேன். நல்ல பசி. மாசி வீதிகளில் ஒன்றில் ஒரு சிறு கடை. மணி 11 ஆகியும் இட்டிலிக் கொப்பரையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பதுளையில் எட்டரை மணிக்குக் கடைப் பலகைகள் சார்த்தப்படும். ஒன்பது மணிக்குத் தெருவில் நாயும் பனியுமே உலவும். இங்கோ குழந்தையைத் தோளிலிட்ட தாய்மாரும், பூ விற்று முடித்த பெண்களும், திரைப்படம் விட்டு வந்த இளைஞரும் இடம் பார்த்து நின்றனர். நான் அமர்ந்தேன். இலை விழுந்தது. கை தன் வழக்கப்படி பைக்குள் சென்று பணத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டது.

பரிமாற வந்த இளைஞர் அதைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, எடுத்து உள்ள வையுங்க. மொதல்ல சாப்பிடுங்க. காசு எங்க போயிரப் போகுது?"

அவ்வளவே. அவருக்கு அது நாளுக்கு நூறு முறை சொல்லும் சொல்லாக இருக்கலாம். எனக்கு முதல் இட்டிலி தொண்டையில் இறங்கச் சிறிது நேரம் ஆயிற்று. தேங்காய், தக்காளி, மல்லி, காரம் என நால்வகைச் சட்டினி இலையோரத்தில் நிரம்பின. எங்கள் சம்பலின் உறவினர்தாம் இவர்கள். ஆனால் நீர் கலந்து குணம் தணிந்தவர்கள். நான் கேட்காமலே மேலும் இரண்டு இட்டிலி வந்தது. வேண்டா என்றேன். "மெலிஞ்சிருக்கீங்கய்யா" என்று வைத்துவிட்டுப் போனார். விற்பவர் இலாபத்துக்கு வைத்தார் என்று சொல்வோர் சொல்லட்டும். அவர் குரலில் நான் கேட்டது வேறு.

உண்ட பின் பாலில்லாத தேநீர் கேட்டேன். "ஐயாவுக்கு வயிறு சரியில்லையா?" என்று வினவினார். தேயிலை விளையும் நாட்டிலிருந்து வந்தவன் பாலின்றிக் குடிப்பது அந்நகரத்தில் நோயின் அறிகுறி!

மதுரையின் இரவுணவு நேற்று முளைத்ததன்று. மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சியில் பகற்கடைக்கு நாளங்காடி, இரவுக் கடைக்கு அல்லங்காடி என இரு பெயர் வழங்குகின்றன. அடையும் மோதகமும் செய்து விற்ற கூவியர் இரவு முதிர்ந்தபின் தம் பண்டங்களுக்கு நடுவே இருந்தபடியே உறங்கியதை அப்புலவர் கண்டு எழுதியிருக்கின்றார். வகுப்பில் இப்பகுதியை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! அன்று விளக்குத்தூண் அருகே ஒரு பருத்திப்பால் வண்டியைக் கண்டேன். பருத்திக் கொட்டையை அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் இட்டுக் காய்ச்சிய அப்பானையின் பக்கத்தில், கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஒரு முதியவர் கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப மனமின்றிக் கடந்து சென்றேன்.

ஜிகர்தண்டா என்பதையும் விடவில்லை. பெயர் வடபுலத்தது; ஈரலைக் குளிர்விப்பது என்று பொருள் சொல்லுகின்றனர். உண்டல், தின்றல், நக்கல், பருகல் என உணவுத் தொழிலை நான்காகப் பகுத்தனர் நம் முன்னோர். பாலும் நன்னாரியும் பருகத் தக்கன. பாதாம் பிசினோ மெல்ல வேண்டுவது. மேலே மிதக்கும் பனிக்கூழ் நக்க வேண்டுவது. ஒரே குவளையில் மூன்று தொழிலும் நிகழ்வதால் இதனை எவ்வகையில் அடக்குவது என்று ஊர் திரும்பி என் மாணவரைக் கேட்டேன். விடை இன்னும் வரவில்லை. மதுரைக்கு அழைத்துப் போங்கள் என்ற விண்ணப்பம் மட்டும் வந்திருக்கின்றது.

மறுநாள் மாலை என் அத்தை மகனைத் தேடிச் சென்றேன். என்னிலும் பத்து வயது மூத்தவர். 1964 இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாத்திரியும் செய்த உடன்படிக்கையால், குடியுரிமையற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு எனவும், 3,00,000 பேர் இலங்கைக்கு எனவும் பங்கிடப்பட்டனர். எஞ்சியோர் பங்கு பின்னர்ப் பேசப்பட்டது. அந்தக் கணக்கில் இந்தியாவுக்கு வந்த குடும்பம் அவருடையது. 1973 இல் பதுளை நிலையத்தில் வண்டியேறியபோது மச்சானுக்கு வயது 16. நான் அழுததாகச் சொல்வார்கள்; எனக்கு நினைவில்லை.

அவர் தள்ளுவண்டியில் பரோட்டா போடுகின்றார். வண்டியின் நெற்றியில் "சிலோன் பரோட்டா" என்று பெரிய எழுத்து. இலங்கையில் நான் அறிந்த எந்தக் கடையிலும் அப்பெயரில் ஒரு பண்டம் கிடையாது. அங்கே உள்ளது கொத்து ரொட்டி. இதனைச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, அங்க இருந்தப்ப நம்மள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன். எப்படியும் கூப்பிடுறாங்க, பலகையிலயே எழுதிட்டேன்" என்று கொத்துக் கரண்டியைத் தட்டினார்.

முன்னிரவு நடந்ததை வியந்து அவரிடம் கூறினேன். அவர் மறுக்கவில்லை. மதுரை வந்தவருக்கு இலை போடும் ஊர் என்பது உண்மை என்றார். ஆனால் தங்க வந்தவரின் கணக்கு வேறு. மண்டபம் முகாமில் இறங்கிய அன்று பொட்டலச் சோறு தந்தார்கள். மறுவாழ்வுக் கடன் எத்தனை நாளைக்கு வரும்? அதன் பிறகு குடும்ப அட்டைக்கு மூன்றாண்டு அலைச்சல். அதுவரை அங்காடி விலைக்கு அரிசி. சிலோன்காரருக்கு வீடில்லை என்று நான்கு தெருவில் கதவு சார்த்தினார்கள். ஓர் உணவுச் சாலையில் எச்சில் இலை எடுக்கும் வேலை கிடைத்தது. விருந்தினர் உண்டெழுந்த பின்னிரவில் அடிப்பானைச் சாம்பாரும் ஆறிய சோறும் உணவு. அங்கேதான் பரோட்டா வீசக் கற்றுக்கொண்டார்.

"உனக்கு அந்தப் பையன் சொன்னானே, காசு எங்க போயிரப் போகுதுன்னு. நானும் நூறு பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கேன். எனக்கு ஒருத்தர் சொல்ல அஞ்சு வருசம் ஆச்சு."

கடை கட்டியபின் என்னை வடக்கு ஆவணி மூல வீதி வழியே நடத்திச் சென்றார். தாது வருடப் பஞ்சத்தில் குஞ்சரத்தம்மாள் என்னும் தாசி, தன் நகையும் வீடும் விற்று இத்தெருவில் கஞ்சித்தொட்டி வைத்து ஊருக்கே கஞ்சி ஊற்றினாள் என்பது மதுரையார் இன்றும் சொல்லும் செய்தி. என் பாட்டனாரின் தந்தை புறப்பட்ட அதே பஞ்சம். அவர்கள் இத்தொட்டியின் முன் நின்றிருக்கலாம். இவ்வழி வராமலே போயிருக்கலாம். தெருவில் அதற்கொரு அடையாளமும் நான் காணவில்லை. பாத்திரக் கடைகளும் துணிக் கடைகளுமே.

"எந்த ஊரு, அட்டை இருக்கான்னு கேட்டா ஊத்தியிருப்பா?" என்றார் மச்சான். நான் பேசவில்லை. 1948 இல் குடியுரிமை இழந்த எங்களில் கடைசியாக நின்றவருக்கு இலங்கையில் அது மீண்டது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால். அட்டை கேட்கும் ஊர் மதுரை ஒன்றே அன்று என்பதை அவரிடம் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

வீடு நகரின் புறத்தே இருந்தது. அவர் மனைவியாரும் பசறைப் பக்கத்துப் பெண். நான் வருவதறிந்து தேங்காய் ரொட்டி சுட்டுக் கட்டச் சம்பல் அரைத்து வைத்திருந்தார். "மிக்சியில அரைச்சா அது சம்பலே இல்லண்ணே" என்று அம்மியைக் காட்டினார். அதற்காகவே அம்மியைப் பேணி வருகின்றாராம். பேரப் பிள்ளைகள் ரொட்டியைப் பிய்த்துப் பார்த்துவிட்டுப் பரோட்டாவும் சால்னாவும் கேட்டார்கள். மூத்த பேத்தி மட்டும் சம்பலைத் தொட்டு வாயிலிட்டாள். கண்ணில் நீர் பெருகியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தொட்டாள்.

நான் கொண்டுபோன தேயிலைப் பொதியைப் பிரித்தேன். மச்சான் கையில் சிறிது எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே வைத்தார். ஐம்பது ஆண்டுக்கு முன் கொழுந்துக் கூடை சுமந்த கை அது.

"நம்ம பக்கந்தான். பசறையா, தெமோதரையா?" என்றார்.

பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொழும்புக் கம்பனி ஒன்றின் முகவரி மட்டுமே அச்சிட்டிருந்தது.

"இரு, ஊத்திக் குடிச்சிட்டுச் சொல்றேன்" என்று அவரே எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். பால் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.